ஊர்வலப் பாதையும் ஆபீஸ் பஸ்ஸும்

விஜய் சௌக்கில் நின்றுகொண்டு குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்க்க முடியாது. ஊரிலிருந்து தில்லிக்கு வருகிற உறவுக்காரர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தி இதைக் காட்டுவது என் வழக்கம். இந்தியா கேட்டிலிருந்து பார்த்தால் மாளிகையின் குவிமாடம் எடுப்பாகத் தெரியும். கிட்டே போகப் போக அது உயர வேண்டும் இல்லையா? தாழ்ந்துகொண்டே போகும். ரைசினா மேட்டின் அடிவாரமான விஜய் சௌக்குக்கு வந்து சேரும்போது குவிமாடத்தின் உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். மேடேறினால் மறுபடி முழுசாக எழுந்து நிற்கும்.

கோளாறு மேட்டின் சரிவில் இருக்கிறது. அன்றைக்கு வைஸ்ராய் மாளிகையாக அதைக் கட்டியவர் எட்வின் லட்யன்ஸ். முன்னால் இருபுறமும் நிற்கும் நார்த் பிளாக்கும் சௌத் பிளாக்கும் ஹெர்பர்ட் பேக்கர் கட்டியவை. செயலகமும் மாளிகையும் மேட்டின் மேல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றார் பேக்கர். லட்யன்ஸும் 1913-ல் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதனால் மாளிகை பின்னுக்குப் போயிற்று. சரிவு அதை மறைத்துவிடும் என்பது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. சரிவை வெட்டித் தணிக்கச் சொல்லி மேலிடம் வரை மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. நெடுநாள் சிநேகிதர்கள் இரண்டு பேரும் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் சண்டையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கிழக்கிலிருந்து ஊர்வலமாக வருகிறவன் கண்ணுக்கு மாளிகை எப்படித் தெரியும்? அந்த மேட்டுக்கு நித்தமும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வரப்போகிற குமாஸ்தா எப்படி வந்து சேருவான் என்பதற்காக யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தவில்லை. நான் மத்திய அரசு ஆபீஸில் எல்.டி.சி. என்கிற கீழ்நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவள். என் மாமனாரும் அதே வர்க்கம்தான், 1936-ல் சேர்ந்தவர். எங்கள் இரண்டு பேர் உத்தியோக காலத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புது தில்லியின் ஆயுசில் பெரும்பகுதி வந்துவிடும். அந்தக் கதையை மாளிகை வாசலில் நின்று சொல்ல எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பிலிருந்துதான் சொல்ல முடியும்.

1911 டிசம்பர் 12 அன்று தில்லிக்கு வடக்கே தர்பார் மைதானத்தில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து இங்கே மாறுகிறது என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். மூன்றாம் நாள் அங்கேயே அடிக்கல் நாட்டியாயிற்று. பிறகு அந்த நிலம் சரிப்படாது என்று தெற்கே ரைசினாவுக்குப் போனார்கள். நாட்டின கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தலைநகரம் வந்துவிட்டது, நகரம் இன்னும் வரவில்லை. அதனால் சிவில் லைன்ஸ் பக்கம் 1912-ல் அவசர அவசரமாக ஒரு செயலகத்தை எழுப்பினார்கள். இன்றைக்கு தில்லி சட்டமன்றம் கூடுவது அந்தக் கட்டடத்தில்தான். பக்கத்தில் திமார்பூரில் குமாஸ்தாக்களுக்கு வீடுகள் எழும்பின. புது தில்லியை முறைப்படி திறந்து வைத்தது 1931 பிப்ரவரி 13 அன்று. நடுவில் பல வருஷம் இந்தத் தற்காலிக ஏற்பாட்டில்தான் சாம்ராஜ்யம் நடந்தது.

இதற்கு நடுவில் ஊர்வலப் பாதைக்காக ஒரு ரயில் பாதையே இடம் பெயர்ந்திருக்கிறது. ஆக்ராவிலிருந்து வரும் இருப்புப் பாதை அப்போது கிங்ஸ்வே என்ற அந்த ஊர்வலப் பாதையின் குறுக்கே, இப்போதைய இந்தியா கேட் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மன்னர் சாலையின் நடுவில் கூட்ஸ் வண்டி போனால் நன்றாகவா இருக்கும்? பாதையைப் பிடுங்கி யமுனை ஓரமாகப் போட்டார்கள். 1924-ல் புதுப் பாதையில் வண்டி ஓடிற்று. 1926-ல் அஜ்மீரி கேட்டுக்கும் பஹாட்கஞ்சுக்கும் நடுவே ஒற்றைப் பிளாட்பாரத்தோடு ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அனுமதி கிடைத்தது. அதுதான் புது தில்லி ரயில் நிலையம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கவனித்திருக்கலாம். நிஜாமுதீன் தாண்டினதும் வண்டி ஊருக்குள் நேராக நுழையாமல் கிழக்கே ஒதுங்கி, திலக் பிரிட்ஜ், சிவாஜி பிரிட்ஜ் என்று வளைத்துக்கொண்டு போகும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்த தலைமுறையும், 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் விட்டபின் வந்த என் தலைமுறையும் மன்னர் சாலைக்கு வழிவிட்டு ஒதுங்கித்தான் இந்த ஊருக்குள் நுழைந்தோம்.

வீடு கொடுத்ததிலும் அதே கணக்கு. பதவி எவ்வளவு உசத்தியோ அவ்வளவு கிட்டே, அவ்வளவு பெரிய பங்களா. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மாளிகைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஏக்கர் கணக்கில் தோட்டத்தோடு வீடுகள். குமாஸ்தாக்களுக்கு வடக்கே, கோல் மார்க்கெட்டைச் சுற்றிச் சதுரம் சதுரமாக முற்றம் வைத்த சின்ன குவார்ட்டர்ஸ். கோல் மார்க்கெட் 1921-ல் கட்டினது. பன்னிரண்டு பக்கம் வைத்த வட்டமான சந்தைக் கட்டடம். காய்கறிக்கு அங்கே, தபாலுக்குக் கோல் டாக்கானா என்கிற வட்ட தபாலாபீஸ். லட்யன்ஸுக்கு வட்டத்தின் மேல் அப்படி ஒரு மோகம். ஆறு சாலை, எட்டுச் சாலை வந்து கூடும் கோல் சக்கர்கள் மோட்டாரில் போகிறவர்களுக்குச் சுகம். நிற்காமல் சுழன்று போய்விடலாம். நடந்து போகிறவளுக்கு அது தண்டனை. எதிரே தெரியும் கட்டடத்துக்கு நான்கு சாலைகளைக் கடந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மாமனாருக்கு முதலில் கிடைத்தது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்தான். அங்கிருந்து நார்த் பிளாக் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். பழைய தில்லியில் 1908 முதல் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், சதர் பஜார், சப்ஜி மண்டி என்று ஊரையே கோத்திருந்தது. புது தில்லியின் அகலச் சாலைகளுக்குள் அந்த டிராம் வரவேயில்லை. டாங்கா குதிரை வண்டி உண்டு. நித்தமும் ஏற குமாஸ்தா சம்பளம் கட்டுபடியாகாது. மிச்சம் சைக்கிள்தான். காலையில் செயலகத்தை நோக்கிக் கறுப்புக் கோட்டும் மடித்துக் கட்டின கால்சராயுமாகச் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகுமாம். "சைக்கிள் இல்லாதவனுக்கு அப்போ தில்லியில பொண்ணு கிடைக்காதும்மா. வாட்ச் இல்லேன்னாலும் பரவாயில்ல" என்பார்.

கோடை வந்தால் ஆபீஸே மலையேறிவிடும். கோப்புகளைப் பெட்டியில் கட்டி, கால்காவில் சின்ன ரயிலுக்கு மாறி, சிம்லா. குளிர் வந்தால் திரும்பி தில்லி. பிள்ளைகள் படிப்பு இரண்டு ஊருக்கும் நடுவே கிழிபடும். அப்படி அலைந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1923-ல் ஆரம்பித்த சின்னப் பள்ளிதான் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நிற்கிறது. உலகப் போர் வந்ததோடு சிம்லா ஓட்டம் தேய்ந்து நின்றுபோயிற்று. மாமனாருக்கு அதில் கடைசி வரை குறைதான். அலவன்ஸ் போச்சே!

1941 கணக்கெடுப்பில் தில்லியின் ஜனத்தொகை 9 லட்சத்து 17 ஆயிரம் சொச்சம். 1951-ல் 17 லட்சத்து 44 ஆயிரம். பிரிவினையில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் ரஜீந்தர் நகர், படேல் நகர், லாஜ்பத் நகர் என்று குடியேறினார்கள். சர்க்காரும் பெருத்தது. ராஜபாட்டை என்று பெயர் மாறின கிங்ஸ்வேயின் இரண்டு பக்கமும் கிருஷி பவன், உத்யோக் பவன், ரயில் பவன், நிர்மாண் பவன் என்று ஆபீஸ்கள் முளைத்தன. குமாஸ்தா வீடோ தெற்கே விலகி விலகிப் போயிற்று. முதலில் லோதி காலனி, பிறகு வினய் நகர் என்று ஆரம்பித்துச் சரோஜினி நகர் ஆனது, அதற்கும் அப்பால் ஆர்.கே. புரம். ஆபீஸ் எல்லாம் ஒரே இடத்தில், வீடெல்லாம் ஊர்க்கோடியில். இரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவரின் மருமகள் நான் பத்துக் கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியவளானது இப்படித்தான்.

பஸ் கதை தனி. சுதந்திரத்துக்கு முன்னால் குவாலியர் கம்பெனி ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் லட்சணம் போதாதென்று 1948-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகமே பஸ்களை எடுத்துக்கொண்டது. 1950-ல் அதற்கென்று ஓர் ஆணையம், 1958-ல் மாநகராட்சியின் கீழே, 1971-ல் டி.டி.சி. என்கிற கார்ப்பரேஷன். போர்டு மாறின அளவுக்கு பஸ் பெருகவில்லை. டிராமும் 1963-ல் நின்றுபோயிற்று.

நான் 70களின் கடைசியில் கல்யாணமாகி வந்தேன். முதலில் திகைத்தது கண்டக்டரைப் பார்த்து. நம்மூர்க் கண்டக்டர் கூட்டத்துக்குள் நீந்தி வந்து டிக்கெட் கொடுப்பார். இங்கே அவர் நகரமாட்டார். பின்வாசல் பக்கத்தில் அவருக்கென்று ஒரு சீட். நாம் பின்னால் ஏறி, அவரிடம் டிக்கெட் வாங்கி, முண்டியடித்து முன்னால் போய் முன்வாசல் வழியாக இறங்க வேண்டும். இறங்க வேண்டிய இடம் வருவதற்கு மூன்று ஸ்டாப்புக்கு முன்பே புறப்பட்டால்தான் போய்ச் சேரலாம்.

அடுத்த பாடம் ஊரின் அடையாளங்கள். குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா கேட் என்று படித்துக்கொண்டு வந்திருந்தேன். கண்டக்டர் வாயில் வந்த தில்லி வேறு. எய்ம்ஸுக்கு "மெடிக்கல்". மாநிலங்களுக்கிடையேயான பஸ் நிலையத்துக்கு "பஸ் அட்டா". கன்னாட் பிளேஸ் என்று ஒரு ஸ்டாப்பே கிடையாது. ரீகல், பிளாசா, ஓடியன் என்று சினிமாக் கொட்டகைகளைத்தான் கத்துவார்கள். 1930களில் ராபர்ட் டோர் ரஸ்ஸல் வட்டமாகத் தூண் வைத்துக் கட்டின அந்தக் கடைத்தெரு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தூணை வைத்து இடம் கண்டுபிடிக்க முடியாது, சினிமா போஸ்டரை வைத்துத்தான் முடியும். ரீகல் 2017-ல் மூடிவிட்டது. ஸ்டாப்பை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். சாந்தினி சௌக்கில் கண்டாகர், அதாவது மணிக்கூண்டு, என்கிற இடத்தில் மணிக்கூண்டு கிடையாது. அது 1950களின் தொடக்கத்தில் இடிந்து விழுந்தது. இதையெல்லாம் தூக்கி அடிப்பது ஐ.டி.ஓ. தில்லியின் மிகப் பெரிய நாற்சந்திகளில் ஒன்று. பெயர் வருமான வரி ஆபீஸின் ஆங்கில முதலெழுத்துகள். முகலாயரும் வெள்ளைக்காரரும் ஆண்ட நகரத்தில் ஜனங்கள் வழி சொல்வது இன்கம் டாக்ஸை வைத்து.

எங்கள் பக்கத்து அடையாளமும் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறிற்று. ஆர்.கே. புரத்தில் ஒரு குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயில். 1965-ல் பக்தவத்சலம் அடிக்கல் நாட்டினார், 1973-ல் குடமுழுக்கு. உத்தர சுவாமிமலை என்பது கோயிலின் பெயர். ஹரியாணாக்காரக் கண்டக்டர் "மலை மந்திர்! மலை மந்திர்!" என்று கத்தும்போது முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் தமிழ் மாமிகள் முகத்தில் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள். கான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பாரதியார் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, காமராஜர் பெயரிலும் ராஜாஜி பெயரிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் கண்டக்டர் கத்திக் கேட்டதில்லை. அமைச்சர் வீட்டு முகவரியில் எழுதுவதற்குத்தான் அவை ஆகின்றன.

சர்தார் படேல் மார்க்கில் காந்திஜி தடியூன்றி நடக்க, பத்துப் பேர் பின்தொடரும் சிலைத் தொகுதி உண்டு. ஜனங்களுக்கு அது "க்யாரா மூர்த்தி", பதினொரு சிலை. ரூபாய் நோட்டிலும் அச்சான சிற்பம். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தாரே, மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே, அவரேதான். கொஞ்சம் தள்ளி மூன்று சிப்பாய்கள் நிற்கும் "தீன் மூர்த்தி". 1918-ல் ஹைஃபாவில் சண்டையிட்ட ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர்க் குதிரைப் படைகளின் நினைவு. சாணக்கியபுரிக்குப் போகும் பஸ்களுக்கு மூன்றும் பதினொன்றும் போதும். யார், எந்தப் போர் என்று கேட்டால் டிக்கெட் கிழிப்பது யார்?

இப்படிப் பஸ்ஸுக்குள்ளேயே ஊரைக் கற்றுக்கொண்ட எங்களுக்கு முத்ரிகா ஒரு பல்கலைக்கழகம். ரிங் ரோடு முழுவதும் சுற்றும் பஸ் அது. ஏறின இடத்துக்கே திரும்பி வந்து சேரும். பலகையில் கூட்டல் குறி போட்டது ஒரு பக்கமாகச் சுற்றும், கழித்தல் குறி போட்டது எதிர்ப்பக்கமாக. என் சித்தப்பா ஒருதரம் கும்பகோணத்திலிருந்து வந்தவர், சரோஜினி நகரிலிருந்து அடுத்தாற்போல் இருக்கும் லாஜ்பத் நகருக்குப் போகக் குறி மாறி ஏறிவிட்டார். தௌலா குவான், ராஜா கார்டன், ஆசாத்பூர், பஸ் அட்டா, ஐ.டி.ஓ., ஆசிரமம் என்று முழு நகரத்தையும் பார்த்துவிட்டு இருட்டினபின் வந்து சேர்ந்தார். "டூரிஸ்ட் பஸ்ஸுல எதுக்குடி காசைக் கொட்டணும்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தில்லி நேர்கோட்டில் கட்டிய நகரம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வாழ்கிறவர்களுக்கு அது வட்டத்தில் ஓடுகிற நகரம். நேர்கோடு வருஷத்துக்கு ஒரு நாள் அணிவகுப்புக்கு ஆகிறது, அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் குடியரசு நாள் அணிவகுப்பு 1950-ல் இர்வின் ஸ்டேடியத்தில் நடந்தது. 1955 முதல் ராஜபாட்டையில். ஜனவரி பிறந்தால் ஒத்திகை. சாலை மூடல், பஸ் திருப்பிவிடல், அன்றைக்கு என்ன வழி என்று ஆபீஸில் காலை முழுக்க அதே பேச்சு. நிர்மாண் பவனில் வேலை பார்த்த என் சிநேகிதி ஒட்டகப் படை நடந்து போவதற்காக நின்று நின்றே சாய்பாபா சரித்திரம் முழுவதையும் படித்து முடித்தாள்.

தினசரி பஸ் கைகொடுக்காதபோது குமாஸ்தாக்கள் தாங்களே வழி பண்ணிக்கொண்டார்கள். அதுதான் சார்ட்டர்ட் பஸ். ஒரு காலனிக்காரர்கள் சேர்ந்து தனியார் பஸ் ஒன்றை மாத வாடகைக்கு அமர்த்துவார்கள். அவரவருக்கு அவரவர் சீட். மாத முதல் தேதி பணம். பின்சீட்டில் ப்ரீஃப்கேஸை மடியில் போட்டு ஆண்கள் சீப் ஆடுவார்கள். அந்தச் சீட்டாட்டத்தில் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்வார்கள். நடுவில் நாங்கள். கம்பளி நூலும் ஊசியுமாக ஏறி, டிசம்பருக்குள் ஒரு ஸ்வெட்டர் முடித்துவிடுவோம். பட்டாணி உரிப்போம். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யாருக்குப் பிரமோஷன் நின்றது, எந்த டைப் குவார்ட்டர்ஸ் காலியாகிறது எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். பஞ்சாபி, வங்காளி, மலையாளி, கர்வாலி என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சமையல் கற்றுக்கொடுத்தோம். ராஜ்மாவுக்கு நான் பெருங்காயம் போடுவதைப் பார்த்து ஒரு சர்தார்னி முதலில் சிரித்தாள், பிறகு அவளும் போட ஆரம்பித்தாள்.

மத்தியானம் போட் கிளப் புல்வெளி. ராஜபாட்டையின் இருபுறமும் நீர்நிலைகள், அவற்றை ஒட்டிப் புல்தரை. மாட்சிமைக்காக விட்ட வெற்றிடம் அது. குளிர்காலத்தில் ஒன்றரை மணிக்கு அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும். கிருஷி பவன், உத்யோக் பவன் ஆட்கள் அத்தனை பேரும் வெயில் காய வந்துவிடுவார்கள். டப்பாவைத் திறந்து வட்டமாக உட்கார்ந்து சாப்பாடு. சாப்பிட்டபின் மூங்ஃபலி, அதாவது வறுத்த வேர்க்கடலை, அப்புறம் புல்லில் சாய்ந்து ஒரு கண் தூக்கம். லட்யன்ஸ் வரைபடத்தில் குமாஸ்தாவுக்கு என்று தனியாக ஒதுக்காத இடத்தைக் குமாஸ்தாக்கள் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வேறு பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத் லட்சக்கணக்கில் விவசாயிகளை அழைத்து வந்து அதே புல்வெளியில் நாள்கணக்கில் உட்கார்ந்தார். அடுப்பு மூட்டினார்கள், மாடுகளும் வந்தன. அதற்குச் சில வருஷம் கழித்துக் கூட்டம் போடுவதை அங்கிருந்து விலக்கி ஜந்தர் மந்தர் பக்கம் தள்ளிவிட்டார்கள். 1724-ல் ஜெய்சிங் மகாராஜா நட்சத்திரம் பார்க்கக் கட்டின இடம் கோஷத்துக்குப் பெயர் பெற்றது அப்படித்தான்.

ராஜபாட்டைக் கோடியில், இந்தியா கேட்டுக்குப் பின்னால் நாலு தூண் வைத்த கல் மண்டபம் இருக்கிறதே, அதில் ஐந்தாம் ஜார்ஜ் சிலை இருந்தது. 1968-ல் அதை எடுத்து, அவர் தலைநகர் மாற்றத்தை அறிவித்த பழைய தர்பார் மைதானத்துக்கே அனுப்பிவிட்டார்கள். மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேல் காலி. யாரை வைப்பது என்று ஆட்சிக்கு ஆட்சி பேச்சு நடந்தது. எனக்கு அந்தக் காலி மண்டபத்தைத்தான் பிடித்திருந்தது. 2022-ல் நேதாஜி வந்தார். அன்றைக்கே ராஜபாட்டை கர்த்தவ்ய பத் ஆயிற்று.

1982 ஆசிய விளையாட்டு வந்தபோது எங்கள் கஷ்டம் தீரப்போகிறது என்றார்கள். மூல்சந்த் பக்கம் மேம்பாலம் வந்தது. சரக்கு வண்டிகள் ஊரைச் சுற்றிப் போக 1975-ல் போட்ட ரிங் ரயிலைப் பயணிகளுக்கும் விரிவாக்கினார்கள். 35 கிலோமீட்டர் வளையம். சரோஜினி நகர், சாணக்கியபுரி, படேல் நகர் என்று பெயரைப் பார்த்தால் நமக்காகவே போட்டதுபோல இருக்கும். ஸ்டேஷனுக்குப் போனால்தான் தெரியும். பஸ் ரோடு ஒரு பக்கம், ஸ்டேஷன் இன்னொரு பக்கம், நடுவில் இருட்டுச் சந்து. பஸ்ஸையும் ரயிலையும் யாரும் சேர்த்து வைக்கவில்லை. இவ்வளவு பெரிய நகரத்தில் இப்படி ஒரு வளையத்தைப் போட்டுவிட்டு வீணடித்ததுபோல அநியாயம் வேறில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

90களைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. 1992-ல் தனியாரை விட்டார்கள். ரெட்லைன் என்று ஓடி, ஆட்களை இடித்து, பெயரை மாற்றிக்கொண்டு ப்ளூலைன் ஆயிற்று. கோட்டைப் பக்கத்திலிருந்து கன்னாட் பிளேஸுக்கு சர்தார்ஜிகள் ஓட்டின ஃபட்ஃபட்டி, உலகப் போரில் மிஞ்சின ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டினது, புகைக்காக 1998-ல் தடையாயிற்று. சுப்ரீம் கோர்ட் உத்தரவால் 2002 முடிவதற்குள் பஸ்களெல்லாம் சி.என்.ஜி.க்கு மாறின. அந்த மாற்றக் காலத்தில் பஸ்ஸுக்காக நின்ற நேரத்தை ஓய்வூதியத்தில் சேர்த்தால் தேவலை.

2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை மெட்ரோ ஓடிற்று. எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான். வாஜ்பாய் தொடக்கி வைத்தார். மறுநாள் ஜனங்களுக்குத் திறந்துவிட்டபோது லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். திருவிழாவுக்குப் போவதுபோலப் பூரி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களைப் பார்த்தேன். கட்டினவர் ஈ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர்ப் புயலில் போன பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினாரே, அவர். 2005 ஜூலையில் மஞ்சள் பாதை சென்ட்ரல் செக்ரடேரியட் வந்தது. வட்டச் சாலைகளுக்கும் வேப்ப மரங்களுக்கும் நாவல் மரங்களுக்கும் அடியில், லட்யன்ஸ் போட்ட கோட்டைச் சட்டையே செய்யாமல், குமாஸ்தா முதல் தடவையாக ஆபீஸ் வாசலில் ஏறி வெளியே வந்தாள். தலைநகரத்தை அறிவித்து 93 வருஷம் ஆகியிருந்தது. 2010-ல் உத்யோக் பவன், குதுப் மினார் வரை தெற்கே நீண்டது. அதே வருஷம் முதல் பெட்டி பெண்களுக்கு. ஆர்.கே. புரத்துக்கு மெட்ரோ வந்தது 2018-ல். அதற்குள் நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. முத்ரிகா சுற்றின பாதையில் இப்போது பிங்க் லைன் போகிறது. 2019 அக்டோபரிலிருந்து பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது.

இப்போது ஆபீஸ்கள் மறுபடி இடம் மாறுகின்றன. 2023 மே மாதம் புது நாடாளுமன்றம் திறந்தது. 2025 ஆகஸ்டில் முதல் கர்த்தவ்ய பவன் திறந்து அமைச்சகங்கள் குடியேறத் தொடங்கின. பழைய பவன்கள் போகப் போகின்றன. எனக்கு அவற்றின் அழகில் மயக்கம் ஒன்றும் கிடையாது. சுண்ணாம்பும் கூலரும் குரங்குமாக இருந்த கட்டடங்கள்தான். புதுசு வரட்டும். ஆனால் நீர்நிலை ஓரப் புல்வெளியில் உட்கார்ந்து டப்பா திறக்கிறவரை விரட்டாமல் இருக்க வேண்டும். ரிங் ரயிலின் ஸ்டேஷன் வாசலுக்கு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் பெரிய சிற்பி யாரும் தேவையில்லை.

தில்லிக்கு வருகிறீர்களா? வாடகைக் கார் வைத்துக்கொண்டு ஒரே நாளில் எட்டு இடம் பார்க்காதீர்கள். பிங்க் லைனில் ஏறுங்கள். நிறைய தூரம் தரைக்கு மேலே போகிறது, ஊர் தெரியும். ஒருநாள் மத்தியானம் மஞ்சள் பாதையில் வந்து உத்யோக் பவனில் இறங்கி, பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கி, புல்லில் உட்காருங்கள். பிப்ரவரியில் வந்தால் நல்லது. ஜனவரியில் ஒத்திகைக்காகச் சாலையை மூடிவிடுவார்கள்.